உழவு யந்திரத்தின் தூக்கி எண்ணெயில் நீர் கலத்தல்: அறிதல், நீக்குதல், தடுத்தல்

நெற்செய்கையில் உழவுக்குரிய காலம் மிகக் குறுகியது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீர் திறக்கும் திகதி தீர்மானிக்கப்பட்டபின், அந்நீர் வாய்க்காலில் ஓடும் நாட்களுக்குள் உழுது, சேறு கலக்கி, மட்டப்படுத்தி, விதைத்து முடித்தல் வேண்டும். அந்நாட்களில் ஓர் உழவு யந்திரம் வேலை செய்யாது நின்றுவிடின், அதன் சொந்தக்காரர் மாத்திரமன்றி, அதனை நம்பியிருந்த அயல் வயற்காரர் பலரும் பருவத்தைத் தவறவிடுவர். பிந்தி விதைத்த வயல், போகத்தின் முடிவில் நீரின்றி வாடுவதை யாவரும் அறிவர்.

இவ்வாறு யந்திரம் இடைநடுவில் நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, கலப்பையைத் தூக்கும் அமைப்பின் எண்ணெயில் நீர் கலத்தலாகும். சேற்றிலும் மழையிலும் வேலை செய்யும் யந்திரத்துக்கு இக்குறை எளிதில் ஏற்படும். ஆயினும் இது ஒரே நாளில் யந்திரத்தைக் கெடுப்பதில்லை. கெடுமுன் பல நாட்களுக்கு அடையாளம் காட்டும். அவ்வடையாளத்தை அறிந்து, நீர் புகுந்த வழியை முதலில் அடைத்து, அதன் பின்னர் எண்ணெயைச் சுத்தமாக்கும் முறையை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

தூக்கி இயங்கும் முறை

உழவு யந்திரத்தின் பின்புறத்தில் கலப்பையை உயர்த்தியும் தாழ்த்தியும் பிடிக்கும் அமைப்பைக் கமக்காரர் ‘ஐதரோலிக்’ என வழங்குவர். இங்கு அதனைத் தூக்கி எனக் குறிப்பிடுவோம். யந்திரத்தின் உட்புறத்தில் ஓர் எண்ணெய்ப் பம்பி உண்டு. அது எண்ணெயை மிகுந்த அமுக்கத்துடன் ஓர் உருளையினுள் தள்ளுகின்றது. உருளையிலுள்ள பிஸ்டன் நகர, அதனோடு தொடுக்கப்பட்ட கைகள் கலப்பையை உயர்த்துகின்றன. சாரதி நெம்பைத் தாழ்த்தியதும் எண்ணெய் மீண்டும் அடித்தொட்டிக்குத் திரும்ப, கலப்பை தன் பாரத்தினால் இறங்குகின்றது.

1946ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்ட பேர்குசன் உழவு யந்திரத்திலும், அதன் வழிவந்த மாசி பேர்குசன் 35 இலும், 1964இல் வெளிவந்த மாசி பேர்குசன் 135 இலும், கியர் பெட்டி, பின் அச்சு, தூக்கி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெயே பயன்படுகின்றது. பம்பியும் அவ்வெண்ணெயினுள் அமிழ்ந்தே இருக்கின்றது. ஆகவே கியர் தடியின் அடியில் ஒழுகிய மழைநீர் கியர் பெட்டியோடு நின்றுவிடும் எனக் கருதுதல் தவறு. அந்நீர் பம்பிக்கும் பின் அச்சின் பெயாரிங்குகளுக்கும் சென்று சேரும். அறுவடை யந்திரம், மண்வெட்டும் யந்திரம் முதலியவற்றில் தூக்கி எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. ஆயினும் நீரினால் விளையும் கேடு எல்லாவற்றுக்கும் பொதுவானது.

நீர் விளைக்கும் கேடுகள்

எண்ணெயில் நீர் மூன்று நிலைகளில் இருக்கும். மிகச் சிறிதளவு நீர் எண்ணெயில் கரைந்து கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கும். அதற்கு மேற்பட்ட நீர் நுண்துளிகளாய்க் கலந்து எண்ணெயைப் பால் போலாக்கும். இன்னும் கூடிய நீர் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெய் நீரினும் இலேசானதாகையால் நீர் எப்பொழுதும் கீழேயே சேரும். பம்பி எண்ணெயை உறிஞ்சும் இடமும் அடிப்பகுதிக்கு அண்மையிலேயே உள்ளது என்பதைக் கவனிக்க.

கேட்டினை உண்டாக்குவதற்கு அதிக நீர் தேவையில்லை. ஒரு யந்திரத்தில் 40 லீற்றர் எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 40 மில்லிலீற்றராகும். இது மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. இந்தளவு நீரே எண்ணெயை மங்கச் செய்வதற்குப் போதுமானது. இதனால் விளையும் கேடுகள் பின்வருமாறு:

1. உராயும் இரு உலோகங்களுக்கிடையே எண்ணெய் மெல்லிய படலமாக நின்று அவற்றைக் காக்கின்றது. நீர்த்துளி அப்படலத்தை அறுத்துவிடும். பற்சில்லுகளும் பெயாரிங்குகளும் ஒன்றோடொன்று நேரே உராய்ந்து தேயும்.

2. பம்பியின் பிஸ்டன்களும் வால்வுகளும் மிக நுணுக்கமாகப் பொருந்துமாறு கடையப்பட்டவை. அவற்றிற் சிறிது துருப் பிடித்தாலும் அவை இறுகிக்கொள்ளும், அல்லது எண்ணெயைக் கசியவிடும். அப்பொழுது தூக்கி மெதுவாக எழும். எழுந்த கலப்பை தானாகவே இறங்கும்.

3. எண்ணெயைக் கெடாது பாதுகாக்கவும் துருவைத் தடுக்கவும் அதிற் சேர்க்கப்பட்ட மருந்துப் பொருட்கள் நீரினால் விரைவில் வலுவிழக்கும். எண்ணெய் புளித்து அமிலத்தன்மை அடையும்.

4. கடதாசியினாலான வடிகட்டி நீர்பட்டு ஊதி அடைபடும். பம்பிக்கு வேண்டிய எண்ணெய் கிடையாது. அது இரைச்சலிட்டுத் தேயும்.

உப்பு நீர் இக்கேடுகளை மேலும் விரைவுபடுத்தும். கடலோர வயல்களிலும் களப்பை அடுத்த நிலங்களிலும் வேலை செய்யும் யந்திரத்தில் நீர் புகுந்ததாக அறிந்தால், அன்றைய தினமே எண்ணெயை வடித்துவிடல் வேண்டும்.

நீர் புகும் வழிகள்

நீர் பெரும்பாலும் பின்வரும் வழிகளாலேயே புகுகின்றது.

கியர் தடியின் றப்பர் உறை: வெயிலில் வெடித்த உறையினூடாக மழைநீர் நேரே கியர் பெட்டிக்குள் இறங்கும். கொட்டிலின்றி வெளியில் விடப்படும் பழைய யந்திரங்களில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

எண்ணெய் ஊற்றும் மூடியும் அளவுகோலும்: மூடியின் வளையம் தேய்ந்திருந்தாலும், அளவுகோல் சரியாகப் பதியாதிருந்தாலும் நீர் உட்செல்லும்.

காற்றுத் துவாரம்: எண்ணெய் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறவும், குளிரும்போது வெளிக்காற்று உட்செல்லவும் இத்துவாரம் வைக்கப்பட்டுள்ளது. நீர்க்குழாயை இதன்மீது பாய்ச்சிக் கழுவினால் நீர் உள்ளே போகும்.

ஓயில் சீல்கள்: பின் அச்சின் முனைகள், வெளியே நீண்டிருக்கும் சுழல்தண்டு, தூக்கு கைகளைத் தாங்கும் குறுக்குத்தண்டு ஆகிய இடங்களில் எண்ணெய் வெளியேறாது தடுக்கும் றப்பர் வளையங்கள் உண்டு. எண்ணெய் கசிந்து வெளிவரும் வழியால் சேற்றுநீர் உட்செல்லவும் கூடும்.

உருளைத் தண்டுகள்: அறுவடை யந்திரத்திலும், சரித்துக் கொட்டும் இழுவைப் பெட்டியிலும் உருளையிலிருந்து வெளிவரும் பளபளப்பான தண்டு கீறலுற்றோ துருப்பிடித்தோ இருப்பின், அது உள்ளே இழுக்கப்படும் ஒவ்வொரு முறையும் சிறிது நீரைத் தன்னுடன் கொண்டு செல்லும். யந்திரத்தை நிறுத்தும்போது, இயன்றவரை தண்டுகள் உள்ளே இழுக்கப்பட்ட நிலையில் விடுக.

சூடான யந்திரத்தை நீரில் இறக்குதல் கூடாது

மேற்கூறிய வழிகள் யாவற்றிலும் நீரை வலிந்து உள்ளே இழுக்கும் ஒரு வழக்கம் எம்மிடையே உண்டு. பகல் முழுவதும் சேற்றுழவு செய்த யந்திரத்தை மாலையில் நேரே குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவுவதே அவ்வழக்கமாகும். சேறு காயுமுன் கழுவுதல் நன்றே. ஆனால் கழுவும் நேரமும் முறையும் பிழையாகின்றன.

யந்திரத்தின் உள்ளே எண்ணெய்க்கு மேல் 10 லீற்றர் காற்று இருப்பதாகவும், அது வேலை செய்தபோது 70 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருந்ததாகவும் கொள்வோம். நீரில் இறங்கி அது 30 பாகைக்குக் குளிருமாயின், அக்காற்று 9 லீற்றருக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கும். வெறுமையாகும் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது உட்சென்றே ஆகவேண்டும். காற்றுத் துவாரம் அடைபட்டோ நீரில் அமிழ்ந்தோ இருப்பின், தேய்ந்த சீல்களினூடாக நீரே உறிஞ்சப்படும்.

ஆகவே வேலை முடிந்தபின் ஒரு மணித்தியாலமாவது யந்திரத்தை நிழலில் ஆறவிடுக. பின்னர் கரையில் நிறுத்தி, வாளியால் நீர் வார்த்துச் சில்லுகளையும் அடிப்பாகத்தையும் கழுவுக. மூடிகள், காற்றுத் துவாரம், கியர் தடி ஆகிய இடங்களை ஈரத்துணியால் துடைத்தல் போதும். குளத்தில் யந்திரம் கழுவாதிருப்பதால், அந்நீரிற் குளிப்போருக்கும் கால்நடைகளுக்கும் எண்ணெய் கலவாத நீர் கிடைக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

நீர் கலந்துள்ளதை அறியும் முறை

சூடான எண்ணெய் கூடுதலான நீரைக் கரைத்து மறைத்து வைத்திருக்கும். குளிர்ந்த பின்னரே அந்நீர் துளிகளாய் வெளிப்படும். எனவே மாலையிற் பார்த்த எண்ணெய் தெளிவாக இருந்ததென்று திருப்தியடைதல் ஆகாது. காலையில், யந்திரத்தை இயக்குமுன் பார்த்தல் வேண்டும்.

மட்டமான தரையில் இரவு முழுவதும் நின்ற யந்திரத்தின் அடியிலுள்ள வடிகால் மூடியை, முற்றாகக் கழற்றாது, துளித்துளியாக ஒழுகும் அளவுக்கு மாத்திரம் தளர்த்துக. உலர்ந்த, நிறமற்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கால் போத்தல் அளவு பிடித்து, மூடியை மீண்டும் இறுக்குக. போத்தலை அசையாது ஒரு மணித்தியாலம் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க.

போத்தலின் மறுபுறம் வைத்த விரல் தெளிவாகத் தெரியுமாயின் எண்ணெய் நல்ல நிலையில் உள்ளது. பனிமூட்டம் போல மங்கியிருப்பின் நீர் புகத் தொடங்கிவிட்டது. பால் தேநீர் நிறமாயிருப்பின் நீர் முற்றாகக் கலந்துவிட்டது. அடியில் நீரும் சேறும் தனியே தங்கியிருப்பின், அதிகமான நீர் புகுந்துள்ளது.

காற்றுக் குமிழிகள் கலந்த எண்ணெயும் வெண்மையாகத் தோன்றும். எண்ணெய் மட்டம் குறைந்திருக்கும்போது பம்பி காற்றை உறிஞ்சுவதால் இது நேரும். போத்தலில் வைத்த எண்ணெய் சிறிது நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளியுமாயின் அது காற்றே. மறுநாளும் மங்கலாகவே இருப்பின் அது நீர்.

ஐயம் நீங்காவிடின், தடித்த இரும்புத் தகடு ஒன்றை நன்றாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து அப்பால் எடுத்து, அவ்வெண்ணெயில் ஒரு துளியை அதன்மீது விடுக. நீர் கலந்திருப்பின் கடுகு தாளிப்பது போற் பொரியும். நீரற்ற எண்ணெய் சத்தமின்றிப் பரவும். துளி தெறித்துக் கண்ணிற் படாதவாறு கண்ணாடி அணிந்து, யந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் தூரத்தில் இதனைச் செய்க. ஒரு துளிக்கு மேல் விடுதல் ஆகாது.

நீரை நீக்கும் முறை

முதலில் நீர் புகுந்த வழியைக் கண்டு அடைத்தல் வேண்டும். வரம்பில் நண்டுவளை இருக்க வயலுக்கு நீர் கட்டுவதாற் பயனில்லை. அவ்வாறே வெடித்த றப்பர் உறையை அப்படியே விட்டு எண்ணெயை மாற்றுதலும் வீண் செலவாகும். உறை, மூடி வளையம், ஓயில் சீல் ஆகியன எண்ணெயின் விலையோடு ஒப்பிடுகையில் மலிவானவை.

அடியில் நீர் தனியே தங்கி, மேலுள்ள எண்ணெய் தெளிவாக இருப்பின்: காலையில் வடிகால் மூடியைத் தளர்த்தி, தெளிந்த எண்ணெய் வரும்வரை நீரை வடித்து, குறைந்த அளவுக்குப் புதிய எண்ணெய் சேர்க்க. தொடர்ந்து மூன்று நாட்கள் காலையில் போத்தல் பரீட்சை செய்க. மீண்டும் நீர் காணப்படாவிடின் வேறெதுவும் வேண்டியதில்லை.

எண்ணெய் பால் போலாகியிருப்பின்: இது தானாகத் தெளியும் எனக் காத்திருத்தல் தகாது. உழவு யந்திரங்களுக்கென விற்கப்படும் எண்ணெய்களிற் பல, அழுக்கையும் நீரையும் நுண்துளிகளாகத் தம்முள் தாங்கி வைக்கும் மருந்துப் பொருட்களை உடையன. ஆகையால் முழு எண்ணெயையும் மாற்றுதலே வழி. அதனைப் பின்வரும் ஒழுங்கிற் செய்க:

1. யந்திரத்தைச் சிறிது நேரம் பாரமின்றி இயக்கி எண்ணெயை இளஞ்சூடாக்குக. இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் நீரையும் சேர்த்துக்கொண்டு வடியும். கை சுடும் அளவுக்குச் சூடாக்கல் ஆகாது.

2. மட்டமான இடத்தில் நிறுத்தி, தூக்கு கைகளை முற்றாகத் தாழ்த்துக. உருளையிலுள்ள எண்ணெய் அடித்தொட்டிக்குத் திரும்ப இது அவசியம். சரிக்கும் இழுவைப் பெட்டி இணைக்கப்பட்டிருப்பின் அதன் உருளையையும் இறக்கி வெறுமையாக்குக. இல்லாவிடின் அதிலுள்ள கெட்ட எண்ணெய் பின்னர் புதிய எண்ணெயுடன் கலந்துவிடும்.

3. வடிகால் மூடிகள் யாவற்றையும் கழற்றுக. சில யந்திரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மூடிகள் உண்டு. அவை எங்குள்ளன என்பதை யந்திரத்தின் கைநூலிற் காண்க. ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது வடியவிடுக.

4. வடிகட்டியைக் கழற்றுக. கம்பிவலை வடிகட்டியாயின் நன்றாகக் கழுவி உலர்த்துக. கடதாசி வடிகட்டியாயின் எறிந்துவிட்டுப் புதியதை இடுக. சாதாரண வடிகட்டி மண்ணையும் உலோகத் தூளையும் தடுக்குமேயன்றி நீரைத் தடுக்காது.

5. மூடிகளை இறுக்கி, கைநூலிற் குறித்த அதே வகை எண்ணெயை, அளவுகோலின் கீழ்க்கோடு வரை ஊற்றுக. யந்திரத்தை மெதுவான வேகத்தில் 15 அல்லது 20 நிமிடம் இயக்கி, கலப்பையின்றித் தூக்கு கைகளைப் பத்துப் பன்னிரண்டு முறை உயர்த்தித் தாழ்த்துக. இவ்வெண்ணெய் உட்புறத்தைக் கழுவுவதற்கே ஆகும். அது சூடாக இருக்கும்போதே வடித்துவிடுக.

6. வடித்ததை மீண்டும் போத்தலிற் பிடித்துப் பார்க்க. பால் நிறம் மாறாவிடின் கழுவுதலை இன்னொரு முறை செய்க. தெளிந்திருப்பின் புதிய எண்ணெயை மேற்கோடு வரை நிரப்புக.

7. முதல் 10 மணித்தியால வேலைக்குப் பின்னும், 50 மணித்தியாலத்துக்குப் பின்னும் காலையில் பரீட்சை செய்க. சிறிது மங்கல் காணப்படின், மூலைகளில் தங்கிய நீர் வெளிவந்துள்ளது எனக் கருதி, வடிகட்டியை மாற்றி மீண்டும் கவனிக்க. மங்கல் கூடிக்கொண்டே சென்றால், நீர் புகும் வழி ஒன்று இன்னும் அடைபடவில்லை.

யந்திரம் வெள்ளத்தில் மூழ்கியிருப்பின்: 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்களையும் வீடுகளையும் மூடிய வெள்ளம் போன்றவை மாரிகாலத்தில் எப்பொழுதும் நேரக்கூடும். மூழ்கிய யந்திரத்தை இயக்கிப் பார்த்தல் கூடாது. தள்ளி இயக்குதலும் கூடாது. நின்ற நிலையில் நீர் அடியிற் பிரிந்து கிடக்கும். இயக்கினாலோ அது பம்பிக்கும் குழாய்களுக்கும் பரவி எண்ணெயுடன் கடையப்பட்டுவிடும். மின்கல இணைப்பை நீக்கி, எஞ்சின் எண்ணெய், தூக்கி எண்ணெய், எரிபொருள் ஆகிய யாவற்றையும் வடித்தபின், தேர்ந்த திருத்துநர் ஒருவரிடம் காட்டுக.

நூற்றுக்கணக்கான லீற்றர் எண்ணெய் கொள்ளும் பெரும் யந்திரங்களுக்கு வேறு முறைகளும் உண்டு. நீரை மாத்திரம் உறிஞ்சிக்கொள்ளும் சிறப்பு வடிகட்டியைப் பொருத்துதல் ஒன்று. எண்ணெயை இளஞ்சூடாக்கி, காற்றமுக்கம் குறைந்த கலத்தினுட் செலுத்தி, குறைந்த வெப்பத்திலேயே நீரை ஆவியாக்குதல் மற்றொன்று. முன்னையது சிறிதளவு நீருக்கே போதும். பின்னையதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும். ஓர் உழவு யந்திரத்தின் எண்ணெயைப் பொறுத்தமட்டில் வடித்து மாற்றுதலே இலாபமானது.

செய்யத்தகாதவை

எண்ணெயை அடுப்பில் வைத்துக் காய்ச்சி நீரைப் போக்க முயலற்க. அடியிலுள்ள நீர் திடீரெனக் கொதித்து, எண்ணெயைப் பொங்கி வழியச் செய்யும். வழிந்த எண்ணெய் தீப்பற்றி உயிருக்கே ஆபத்து விளையும்.

‘வேலை செய்தால் சூட்டில் நீர் காய்ந்துவிடும்’ எனக் கூறுவோரும் உளர். சோற்றுப் பானையின் மூடியில் ஆவி நீராகி மீண்டும் பானைக்குள்ளேயே சொட்டுவதை வீட்டிற் காண்கின்றோம். மூடிய யந்திரத்தினுள்ளும் அவ்வாறே நிகழும். நீர் போகாது, யந்திரமே தேயும்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி யந்திரத்தை இயக்கிக் கழுவுதல் கூடாது. அவை எண்ணெய்ப் படலத்தை நீக்கிப் பம்பியைத் தேய்க்கும். மூலைகளில் தங்கிப் புதிய எண்ணெயையும் நீர்க்கச் செய்யும்.

துணியால் வடித்த பழைய எண்ணெயை மீண்டும் ஊற்றற்க. துணி கலந்த நீரைப் பிரிக்காது. துணியின் நூல்கள் வால்வுகளில் அடைபடவும் கூடும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ, வயலிலோ, கிணற்றை அண்டிய நிலத்திலோ ஊற்றற்க. நீர்மேற் பரவும் எண்ணெய் நாற்றுக்குக் கேடு செய்யும். தோட்டப் பயிருக்கு இறைக்கும் கிணற்று நீரில் ஊறிய எண்ணெயை எளிதில் நீக்க இயலாது. மூடிய கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் திருத்தகத்திற் கொடுக்க.

புதிய எண்ணெயைப் பாதுகாத்தல்

யந்திரத்தில் ஊற்றுமுன்னரே நீர் கலந்த எண்ணெயும் உண்டு. பீப்பாயை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மழைநீர் அதன் மேல்விளிம்புக்குள் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் அது சுருங்கும்போது, தேங்கிய நீர் மூடியின் புரியினூடாக உள்ளே உறிஞ்சப்படும். மூடி இறுக்கமாகத் தோன்றினும் இது நிகழும். எனவே பீப்பாயைக் கூரையின் கீழ் வைக்க. அது இயலாவிடின், இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு மரக்கட்டைகளின்மேல் படுக்கையாக வைத்துப் படங்கினால் மூடுக. எண்ணெய் எடுக்கும் வாளி, புனல் ஆகியன உலர்ந்திருத்தல் வேண்டும். நீர் மொண்ட வாளியால் எண்ணெய் அளத்தல் கூடாது.

இரு சில்லு யந்திரம் உடையோருக்கு

மரக்கறித் தோட்டங்களிலும் சிறு வயல்களிலும் பயன்படும் இரு சில்லு உழவு யந்திரங்களிற் பொதுவாக இத்தகைய தூக்கி இல்லை. ஆயினும் அவற்றின் கியர் பெட்டியிலும் எண்ணெய் உண்டு. இரும்புச் சில்லு பூட்டிச் சேற்றில் இறங்கும்போது அச்சின் சீல்கள் நீரில் அமிழ்கின்றன. ஆகவே போத்தல் பரீட்சையும், ஆறவிட்டுக் கழுவும் முறையும் அவற்றுக்கும் பொருந்தும். சில்லைக் கழற்றும்போது அச்சிற் சுற்றியிருக்கும் வைக்கோலையும் நூலையும் நீக்குக. அவையே சீலை அறுப்பன.

உயிர்ப் பாதுகாப்பு

தூக்கி மாத்திரம் தாங்கி நிற்கும் கலப்பையின் கீழ் ஒருபொழுதும் கையையோ தலையையோ நீட்டற்க. கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பின்னரே எந்தக் குழாயையும் தளர்த்துக. கசிவு உள்ள இடத்தை விரலால் தடவிப் பார்த்தல் ஆகாது. அமுக்கத்துடன் பாயும் எண்ணெய் ஊசி போலத் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கசிவைக் காண ஒரு கடதாசி மட்டையைப் பயன்படுத்துக.

சுருக்கம்

பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னர் றப்பர் உறை, மூடிகள், காற்றுத் துவாரம், சீல்கள் ஆகியவற்றைப் பார்த்துத் திருத்துக. வேலை நாட்களில் வாரம் ஒருமுறை, காலையில், போத்தல் பரீட்சை செய்க. சூடான யந்திரத்தை நீரில் இறக்கற்க. நீர் காணப்படின் வழியை அடைத்தபின் எண்ணெயை மாற்றுக. கூலிக்கு உழுபவரும், உழுவிப்பவரும் ஒருங்கே இவற்றைக் கவனித்தல் நன்று. ஒரு யந்திரம் நின்றால் நட்டமடைவது ஒரு குடும்பம் மாத்திரமன்று.

இவை குறித்து ஐயம் எழுமாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிக.